முந்தி யார், பிந்தி யார்

பெயிண்ட் தொழிற்சாலையில் அவருக்குக் கழுகுக்கண்ணர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள்; அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டுவிட்டார். நிறம் பார்ப்பது அவர் வேலை. வெள்ளையிலேயே ஏகப்பட்ட வெள்ளை உண்டு என்பது அவர் கட்சி. முத்து வெள்ளை, முகில் வெள்ளை, பால் வெள்ளை, பாலில் ஒரு சொட்டு மஞ்சள் தவறி விழுந்த வெள்ளை. பெயிண்ட் பூசிய தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கி, தலையைச் சாய்த்து, ஒரு பெருமூச்சு விடுவார். பெருமூச்சு நீண்டால் அந்தக் கலவை தொலைந்தது. சுற்றி நிற்பவர்களுக்கு எல்லாத் தகடும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிக் குருடன் என்று பெயர் வாங்குவானேன் என்று அவர்களும் பெருமூச்சு விடுவார்கள். வாங்கிப் பூசியவர் வீட்டுப் பிள்ளைகள் மறு மாதமே சுவரில் கையைத் துடைத்து எல்லா வெள்ளையையும் ஒரே நிறமாக்கிவிடும் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு, சொந்த வீட்டிலுள்ள இரட்டைப் பெண்களில் எவள் எவள் என்று தெரியாது.

முதலில் பிறந்தவள் முந்தி, அடுத்து வந்தவள் பிந்தி. மாமன்காரன் விளையாட்டாக வைத்த பெயர்கள். பள்ளிக்கூடத்துப் பெயர்களை இவை எப்போதோ ஓரம்கட்டிவிட்டன. அச்சில் வார்த்தது போல இரண்டு முகம். ஒரு மச்சமாவது இருக்கக் கூடாதா என்று கழுகுக்கண்ணர் தேடாத இடமில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது பிந்தியின் கட்டைவிரல் நகத்தில் சிவப்புச் சாயம் ஒரு பொட்டு வைத்துச் சமாளித்தார். பிறகு முந்தி கீழே விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். குழந்தைக்கு அடிபட்டதே என்று எல்லோரும் பதறியபோது அவர் மட்டும் உள்ளூர நிம்மதியாக இருந்தார். காயம் ஆறியது, நிம்மதி போயிற்று. நல்லவேளையாகப் பிந்தி தலை வாரும்போதெல்லாம் ஊரைக் கூட்டினாள் என்று அவள் முடியைக் கழுத்தோடு கத்தரித்துவிட்டார்கள். கட்டை முடி பிந்தி, பின்னல் முந்தி. அதற்குப் பிறகு பொற்காலம்தான்.

மனைவிக்கு இந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. ஒருமுறை, யாரோ ஆபீஸில் கேட்டதாகப் பொய் சொல்லி, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாய் என்று அவளிடம் விசாரித்துப் பார்த்தார். "இதுல கண்டுபிடிக்க என்னங்க இருக்கு? மூஞ்சியே வேறயா இருக்கே," என்று அவள் சிரித்தாள். அவரும் அதைவிடப் பலமாகச் சிரித்தார். அன்றோடு கேட்பதை விட்டுவிட்டார்.

முடியைக் கத்தரிக்கும் முன்பிருந்தே அவரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. கண்ணு என்ற சொல். "வா கண்ணு", "சாப்பிடு கண்ணு", "ஷூவைக் கழட்டு கண்ணு." இருவரும் சேர்ந்து வந்தால் "கண்ணுங்களா." எவளுக்கும் பொருந்தும், தப்பே வராது. சுவரில் கிறுக்கியது எவள் என்று விசாரிக்கப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் இருவரையும் சேர்த்துக் கண்டிப்பார், இருவருக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்வார். பக்கத்து வீடுகளில் இதற்கு வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். பெற்றால் இவரைப் போலப் பாரபட்சம் இல்லாமல் வளர்க்க வேண்டும் என்றார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் 'பிள்ளைகளைச் சமமாக நடத்துவது எப்படி' என்று அவரைப் பேசவே வைத்தார்கள். பேசினார். கைதட்டல் வேறு கிடைத்தது.

தூக்கத்திலும் அவரை உறுத்திய பயம் ஒன்றுதான். என்றாவது ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்து, 'அப்பாவுக்கு என்னைத் தெரியாது' என்று புரிந்துகொள்ளும் கணம். சங்கத்தார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கணம் மட்டும் வரக் கூடாது.

மனைவி வெளியூரில் பயிற்சி வகுப்புக்குக் கிளம்பினாள். போகும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிந்திக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. போன வாரம் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. நாளை பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிக்கொண்டு போய் அடைத்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் பல் என்ற பேச்சையே அவள் காதுபட எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். வெளியே எடுக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும். "நைசா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றாள். இது ஒரு வேலையா என்கிற தோரணையில் அவர் கையசைத்து வழியனுப்பினார்.

அன்று சாயங்காலம் பெண்கள் மாமன் கடைக்குப் போனார்கள்.

மாமன்காரன், கழுகுக்கண்ணர் மனைவியின் அண்ணன். தெருக்கோடியில் சலூன் வைத்திருக்கிறார். சலூன் என்று சொன்னால் கோபம் வரும்; 'சிகை வடிவமைப்பகம்' என்று பலகை மாட்டியிருக்கிறார். முடி வெட்ட வந்தவனிடம் முடியின் மனநிலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். அவரிடம் முந்தி போய், தனக்கும் தங்கை மாதிரியே வெட்ட வேண்டும் என்று நின்றிருக்கிறாள். கலைஞனுக்கு இது போதாதா? இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, கழுத்தோடு, காதோடு, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வெட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

கழுகுக்கண்ணர் கதவைத் திறந்தார். வாசலில் இரண்டு பிந்திகள் நின்றார்கள்.

"என்ன மாப்பிள்ளை, அப்படியே ஸ்டன் ஆயிட்டீங்க? ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இல்ல?" என்றார் மாமன்காரன், கையைக் கட்டிக்கொண்டு.

"பிரமாதம் மச்சான்," என்றார் கழுகுக்கண்ணர். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உள்ள வாங்க கண்ணுங்களா."

மனைவிக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் இத்தனை வருஷத்துக் குட்டும் உடையும். மச்சானைக் கேட்கலாம். கேட்டால் நாளை முதல் அந்தக் கடையில் முடி வெட்ட வருகிறவன் ஒவ்வொருவனும் இந்தக் கதையைக் கேட்காமல் எழுந்து போக முடியாது. பெண்களிடமே, உங்களில் யாருக்குப் பல்வலி என்று கேட்கலாம். கேட்டால் கட்டிலுக்கு அடி. 'பிந்தி' என்று பொதுவாகக் குரல் கொடுத்துப் பார்த்தார். பொம்மைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக, "என்னப்பா" என்றன. ஏன் இரண்டு பேரும் பதில் சொல்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவருக்கு அந்த யோசனை உதித்தது. நிறப் பிரிவுத் தலைவருக்கே உரிய விஞ்ஞான யோசனை. சொத்தைப் பல்லில் குளிர்ச்சி பட்டால் கூசும். ஆளுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தகடு பார்ப்பது போலக் கொஞ்சம் பின்வாங்கி நின்று, தலையைச் சாய்த்தார்.

ஒருத்தி நிதானமாக, உதட்டின் ஓரமாகவே நக்கினாள். இன்னொருத்தி ஒரே கடியாகப் பாதியைக் கடித்தாள். கடித்தவள் கண்ணை இறுக மூடி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்" என்றாள்.

கண்டுபிடித்தாயிற்று. கழுகுக்கண்ணர் தெருவென்றும் பாராமல் ஒரு பெருமூச்சு விட்டார். நிதானமாக நக்கியவளை மாமன் கடையில் விட்டார். கன்னம் பிடித்தவளிடம் கையை நீட்டி, "வா கண்ணு," என்றார். அவளும் சமர்த்தாகக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாளாம். பிள்ளைகளை நடத்தத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பல் மருத்துவமனை இரண்டு கட்டடம் தள்ளி மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில், தாடையைக் கைக்குட்டையால் தாங்கியபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வலியை மறக்கப் பேச்சுத்துணை தேவைப்பட்டது போலிருக்கிறது. குழந்தை எந்த வகுப்பு என்று தொடங்கியவர், இரட்டையில் ஒருத்தி என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடையாளம் தெரியாமல் திண்டாடுவீர்களே என்று பரிதாபப்பட்டார்.

"அதெல்லாம் மத்தவங்களுக்குங்க," என்றார் கழுகுக்கண்ணர். "பார்க்கிற கண்ணு வேணும். எனக்குத் தொழிலே அதுதான்." பிறகு வெள்ளையின் வகைகளைப் பற்றி விளக்கினார். அந்த அம்மாள் வலியோடு வலியாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் காலை ஆட்டிக்கொண்டே அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அதிகம் பேசும் பழக்கமில்லை. குழந்தையை நாற்காலியில் சாய்த்தார். நாற்காலி மேலே போயிற்று. குழந்தையின் முகமும் கூடவே மலர்ந்தது. விளக்கைத் திருப்பி, கண்ணாடிக் குச்சியை விட்டு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார்.

"போன வாரம் இங்க ஒரு சொத்தை இருந்துச்சு, சார்."

"ஆமாங்க."

"இப்ப இல்ல."

கழுகுக்கண்ணர் கொஞ்சம் யோசித்தார். "ஆறியிருக்குமோ?"

டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியைத் தட்டில் வைத்தார். சொத்தை ஆறாது என்றார். பிறகு அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். போன வாரம் வந்த குழந்தை இந்த நாற்காலியைக் கண்டதும் போட்ட சத்தம் கீழே தெரு வரைக்கும் கேட்டதாம். இவளோ இன்னொரு ரவுண்டு மேலே போகலாமா என்று கேட்கிறாளே என்றார். கிளினிக் மூடுவதற்குள் சரியான ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. காத்திருக்கும் அறையில் கைக்குட்டை அம்மாளின் தாடை, வலியை மறந்து, தானாகக் கீழே இறங்கியது.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, நான் யாரு?"

"நீ என் கண்ணு."

"அது அவளையும்தான் சொல்ற. நான் யாரு?"

விடை இப்போது அவர் கையில் இருந்தது. பல் நன்றாக இருப்பவள் முந்தி. இதற்குக் கழுகுக்கண் வேண்டியதில்லை. "நீ முந்தி," என்றார்.

"அது டாக்டர் சொன்னப்புறம் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி தெரியுமா?"

கழுகுக்கண்ணர் படியில் உட்கார்ந்தார். அவர் பயந்த கணம் வந்தேவிட்டது. வெள்ளைச் சட்டையும் கத்தரித்த முடியுமாக எதிரில் நின்றது. தெரியும் என்று சொல்லிவிடலாம். சும்மா விளையாட்டுக்கு உன்னைக் கூட்டிவந்தேன் என்று கதை கட்டலாம். கதை தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"தெரியாதுடா," என்றார்.

ஒரு காலால் மேல்படியை உரசினாள்.

"என்னை மட்டும் தெரியாதா? அவளையும் தெரியாதா?"

"ரெண்டு பேரையுமே தெரியாது."

"நிஜமா? அவளையும் கொஞ்சம்கூடத் தெரியாதா?"

"கொஞ்சம்கூடத் தெரியாது. முடியை வச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன்."

"அப்ப சரி," என்றாள் முந்தி. அவள் உடம்பே இலேசானது போல ஒரு படி தாவி இறங்கினாள். "உனக்குப் பிந்தியை மட்டும் தெரியும்னு நினைச்சேன். கட்டை முடி வச்சிருக்கிறவளைத்தான் டக்குனு கண்டுபிடிப்ப. அதான் நானும் வெட்டிக்கிட்டேன்."

கழுகுக்கண்ணர் பேச்சை மாற்றினார். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, பல்வலி இல்லாதவள் ஐஸைக் கடித்துவிட்டு ஏன் அப்படிக் கன்னத்தைப் பிடித்தாய் என்று கேட்டார். பெரிய துண்டாகக் கடித்ததில் உள்ளே ஜிவ்வென்று ஆயிற்றாம். பிந்தி அப்படிக் கடிக்கவே மாட்டாளாம். அந்தப் பக்கத்துப் பல்லில் படாமல் ஓரமாகவேதான் சாப்பிடுவாளாம், ரொம்ப நாளாக. சரி, மாறிப்போய்க் கூட்டிவருகிறேனே, நீயாவது சொல்லக் கூடாதா என்றார். "நீ 'வா கண்ணு'ன்னு கூப்பிட்ட, நான் வந்தேன்," என்றாள் முந்தி. அந்த நாற்காலியைப் பற்றிப் பிந்தி வீட்டில் வந்து சொன்னதிலிருந்து அவளுக்கு அதில் ஏற வேண்டும் என்று ஆசையாம்.

மச்சான் கடையில் எதிரெதிராகக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் முந்தி ஓடிப்போய்த் தங்கையின் காதில் ஏதோ ஓதினாள். இரண்டும் சுழல் நாற்காலிகளைச் சுற்றி ஓடின. போர்த்தும் துணிக்குள் புகுந்து வெளியே வந்தன. கண்ணாடிக்குள் கண்ணாடியாக, எண்ணி மாளாத மகள்கள். ஒரே நிமிஷத்தில் கழுகுக்கண்ணருக்கு எல்லாம் பழையபடி ஆயிற்று. மச்சான் கத்தரிக்கோலோடு ஆர்வமாக எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

கைக்குட்டை அம்மாள் இன்னும் இருந்தார். முறை வந்தும் அவர் உள்ளே போகவில்லை என்று தோன்றியது. வரவேற்பில் இருந்த பெண், பேஷன்ட் எந்தக் குழந்தை சார் என்று கேட்டாள்.

"எனக்கு அடையாளம் தெரியாதும்மா," என்றார் கழுகுக்கண்ணர். அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். சொன்னபோது சங்கக் கூட்டத்துக் கைதட்டல் எங்கோ தொலைவில் ஓய்ந்தது போலிருந்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நான்தான் பிந்தி," என்று ஒருத்தி முன்னால் வந்தாள். "எனக்குத்தான் பல்வலி. நாற்காலியில நான்தான் ஏறணும்."

"நான் முந்தி," என்றாள் மற்றவள். "எனக்கு ஒண்ணும் வலிக்கல."

பேச்சு ஒழுங்காகத்தான் இருந்தது. மச்சான் கடையில் காதில் ஓதியபோதே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தால் தீர்ந்தது கதை. ஆனால் கழுகுக்கண்ணர் குனிந்து இருவர் முகத்தையும் பார்த்தார். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லாததால், முதல் தடவையாக அவசரமில்லாமல் பார்த்தார். ஒருத்தி உள்ளே தெரியும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவள், வலிக்கவில்லை என்று சொன்னவள், அவரைப் பார்த்தாள். அவளுடைய கீழ் உதடு கொஞ்சம் உள்ளே மடிந்து, பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த மடிப்பை அவருக்குத் தெரியும். ஊசி போடும்போது பார்த்திருக்கிறார். கரண்ட் போன அறையில், பள்ளிக்கூடத்து முதல் நாள் வாசலில், பக்கத்து வீட்டு நாய் குரைத்தபோது. இத்தனை வருஷமும் அது இருவர் முகத்திலும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. ஒருத்தி முகத்தில்தான் வந்திருக்கிறது. இன்னொருத்தி நாயை எதிர்த்துக் குரைத்தவள்.

"பிந்தி," என்றார் மெதுவாக. "அப்பா கூடவே நிக்கிறேன். வாடா."

மடிந்த உதடு வெளியே வந்தது. அவள் வந்து அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். முந்திக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "எப்படிப்பா கண்டுபிடிச்ச? டாக்டர் இன்னும் சொல்லவே இல்லையே?" என்று நாற்காலி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். பிந்தி அழுதாள், ஆனால் தெரு வரைக்கும் கேட்கும்படி அழவில்லை. முடிந்ததும் டாக்டரம்மா, யாரும் கேட்காமலே, முந்தியையும் ஏற்றி ஒரு ரவுண்டு மேலே அனுப்பினார்.

சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது. கழுகுக்கண்ணர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. நிற்கிற வழியாக இல்லை.

"இத்தனை வருஷமா கண்ணு கண்ணுன்னு உருகினீங்களே," என்றாள் அவள், மூச்சு வாங்க. "நான் பாசம்னுல்ல நினைச்சேன்."

"பாசமும்தான்," என்றார் அவர்.

மறுநாள் காலை கழுகுக்கண்ணர் பழைய உற்சாகத்துக்கு வந்துவிட்டார். முகக்குறிப்பை வைத்துப் பிள்ளைகளை அறிவது எப்படி என்று சங்கத்தில் அடுத்த கூட்டத்தில் பேசினால் என்ன என்றுகூடத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளின் ஷூவைக் கட்டிவிடக் குனிந்தவர், முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தெளிவான குரலில் சொன்னார்:

"பிந்தி, காலை நீட்டு."

"நான் முந்தி."

"சரி. முந்தி, காலை நீட்டு."

"இல்லப்பா, பிந்திதான். சும்மா சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு மடியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு எவளுடையது என்று இன்னும் பழகவில்லை. உள்ளே பையை மாட்டிக்கொண்டிருந்த மற்றவள் கத்தினாள்:

"அப்பா, நம்பாத. அவ நிஜமாவே முந்தி."

கழுகுக்கண்ணர் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையில் அகப்பட்ட காலில் ஷூவை மாட்டினார்.